பெரிய கட்டி சிறிய துளை வழியே வெளிவருவது எப்படி?

மாணவர்களே, முதலில் ஒரு கணக்கு. கோளத்தின் கன அளவைக் கண்டுபிடிக்கும் சூத்திரம் உங்களுக்குத் தெரியும்: 4/3 × பை × ஆரம் × ஆரம் × ஆரம். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள பந்து ஒன்றின் கன அளவு ஏறக்குறைய 524 மில்லிலிட்டர். இப்போது விட்டத்தை 20 சென்டிமீட்டராக்குங்கள். கன அளவும் இரண்டு மடங்காகும் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். அது எட்டு மடங்காகி, 4.2 லிட்டரை எட்டிவிடும். விட்டம் 30 சென்டிமீட்டர் என்றால் 14 லிட்டருக்கும் மேல். கடையில் விற்கும் ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தல்களில் ஊற்றினால் ஒன்பது போத்தல்கள் நிரம்பி இன்னும் மிச்சமிருக்கும்.

இந்த அளவுக்குப் பெரிய கட்டி மனித வயிற்றுக்குள் வளர்வதுண்டு. அதை ஒரு சென்டிமீட்டர் அகலமே உள்ள சில துளைகளின் உதவியோடு மருத்துவர்கள் வெளியே எடுப்பதும் உண்டு. அது எப்படி முடிகிறது என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம். பெண்களின் உடலைப் பற்றிய பாடம்தானே என்று ஆண் பிள்ளைகள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்கள் வீட்டிலும் அக்கா, தங்கை, அம்மா இருப்பார்கள். தவிர, இதில் பாதி இயற்பியல்.

கட்டி எங்கே வளர்கிறது?

கருப்பையின் இரு பக்கங்களிலும் ஒவ்வொரு சூலகம் இருக்கிறது. சினைப்பை என்றும் இதைச் சொல்வார்கள். பெரியவர்களிடம் அது பாதாம் பருப்பு வடிவில், சுமார் 3 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அதன் அருகிலேயே கருக்குழாயும், இவற்றைத் தாங்கிப் பிடிக்கும் தசைநார்களும் உள்ளன. இந்தப் பகுதியில் ஒரு கட்டி தெரிந்தால், அது சூலகத்தில் முளைத்ததா, குழாயில் முளைத்ததா என்று வெளியிலிருந்து எப்போதும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் மருத்துவர்கள் ‘அட்னெக்ஸல் கட்டி’ என்று பொதுப்பெயர் வைத்திருக்கிறார்கள். கருப்பையை ஒட்டிய உறுப்புகளில் உள்ள கட்டி என்று பொருள்.

சூலகத்தில் நீர்க்கட்டி என்று கேட்டதும் பயந்துவிட வேண்டியதில்லை. ஒவ்வொரு மாதமும் சினைமுட்டை வளரும்போது அதைச் சுற்றிச் சிறிய நீர்ப்பை உருவாவது இயல்பு. சில சமயம் அது உடையாமல் சற்றுப் பெரிதாகி, இரண்டு மூன்று மாதவிடாய்ச் சுழற்சிகளுக்குள் தானாகவே மறைந்துவிடும். நாம் பேசப்போவது மறையாமல் வளர்ந்துகொண்டே போகும் கட்டிகளைப் பற்றி.

அவற்றுள் மிகப் பெரிதாக வளர்பவை பெரும்பாலும் சளி போன்ற திரவத்தைச் சுரக்கும் கட்டிகள். கட்டியின் உட்சுவரில் உள்ள உயிரணுக்கள் சுரந்துகொண்டே இருக்கும். வெளியேற வழி இல்லாததால் பை ஊதிக்கொண்டே போகும். இளம்பெண்களிடம் அதிகம் காணப்படுவது வேறொரு வகை. அதன் பெயர் டெர்மாய்டு. சினைமுட்டையாக மாற வேண்டிய உயிரணுவிலிருந்து தோன்றுவதால், அதற்குள் தோல், கொழுப்பு, தலைமுடி, சில நேரம் பல்கூட இருக்கும். முற்காலத்தில் இதைப் பார்த்தவர்கள் என்னென்ன கதை கட்டியிருப்பார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்வளவு பெரிய கட்டி வளரும்வரை ஒருவருக்குத் தெரியாமல் போகுமா? போகும். மண்டையோட்டுக்குள் சிறு கட்டி வந்தாலே மூளை நெருக்கப்பட்டு அறிகுறிகள் தெரிந்துவிடும். வயிறு அப்படி அல்ல. அதன் முன்சுவர் தசையாலானது, விரிந்து கொடுக்கும். குடல் வழுக்கும் தன்மையுடையது. ஒதுங்கி இடம் விடும். மாதங்கள் போகப் போகப் பாவாடை இறுகும், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும், அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றும். கொழுப்பு போட்டுவிட்டது என்று நினைத்துச் சோற்றைக் குறைப்பவர்கள் உண்டு. திருமணமாகாத பெண்ணாக இருந்தால் அக்கம்பக்கத்தில் வேறு மாதிரி முணுமுணுப்பார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்து தளர்வான சட்டைக்குள் வயிற்றை மறைத்துக்கொண்டு, மருத்துவரிடம் போகாமல் ஒரு பெண் இருந்துவிட்டால், கட்டிக்கு வளர இன்னும் கூடுதல் நேரம் கிடைக்கிறது. ஓர் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் சில நிமிடங்களில் உண்மையைச் சொல்லிவிடும். அதற்கு ஊசியும் இல்லை, வலியும் இல்லை.

1809ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாள்

சூலகக் கட்டியைக் கர்ப்பம் என்று தவறாக எண்ணுவது நம் ஊர் வழக்கம் மட்டும் அல்ல. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஜேன் டாட் கிராஃபோர்டு என்ற பெண்மணிக்கு வயிறு பெருத்தபோது, அவர் இரட்டைக் குழந்தைகளைச் சுமக்கிறார் என்று உள்ளூர் மருத்துவர்கள் நினைத்தார்கள். இஃப்ரேம் மெக்டவல் என்ற அறுவை மருத்துவர் பரிசோதித்து, இது குழந்தை அல்ல, சூலகக் கட்டி என்று சொன்னார். அதுவரை அப்படிப்பட்ட கட்டியை வயிற்றைத் திறந்து எடுத்து நோயாளி பிழைத்ததாகப் பதிவு எதுவும் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். சம்மதம் என்றால் டான்வில் நகரில் உள்ள தம் வீட்டுக்கு வர வேண்டும் என்றார்.

ஜேன் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரத்தைக் குளிர்காலத்தில் குதிரை மேல் கடந்து வந்தார். 1809ஆம் ஆண்டு டிசம்பரில், கிறிஸ்துமஸ் நாளில், அறுவை நடந்தது. மயக்க மருந்து கிடையாது. ஈதர் கொடுத்து அறுவை செய்யலாம் என்று பாஸ்டனில் பொதுமக்கள் முன் நிரூபிக்கப்பட்டதே 1846இல்தான். கிருமிகளைப் பற்றியும் அன்று யாருக்கும் தெரியாது. மெக்டவல் வயிற்றின் இடப்பக்கத்தில் சுமார் 23 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கீறினார். குடல் வெளியே சரிந்து மேசை மேல் விழுந்தது. ஜேன் பைபிளின் சங்கீதங்களைச் சொல்லிக்கொண்டே படுத்திருந்தார். 25 நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. ஐந்தாம் நாள் மெக்டவல் போய்ப் பார்த்தபோது அவர் எழுந்து தம் படுக்கையைத் தாமே சரிசெய்துகொண்டிருந்தாராம். 25 நாள்களில் ஊர் திரும்பினார். அதன்பின் 32 ஆண்டுகள் வாழ்ந்து 1842இல் காலமானார்.

மெக்டவலுக்குச் சிலை இருக்கிறது. ஜேனின் பெயரும் வரலாற்றில் நிலைத்துவிட்டது. மெக்டவல் அடுத்தடுத்து இதே அறுவையைச் செய்த பெண்களில் அடிமைகளும் இருந்தார்கள். அவர்களுடைய பெயர்கள் எந்தப் பாடநூலிலும் இல்லை.

இந்தக் கதையில் நமக்குத் தேவையான குறிப்பு ஒன்று ஒளிந்திருக்கிறது. அந்தக் கட்டியின் மொத்த எடை 10 கிலோகிராமுக்குச் சற்று மேல். 23 சென்டிமீட்டர் கீறலே அதற்குப் போதவில்லை. எனவே மெக்டவல் கட்டியை முதலில் கீறி, உள்ளே இருந்த கூழ் போன்ற பொருளை வெளியேற்றினார். அதுவே ஏழு கிலோகிராமை நெருங்கியது. பிறகு சுருங்கிப்போன பையை, அதாவது எஞ்சிய மூன்றரைக் கிலோகிராமை, வெளியே இழுத்தார். ‘முதலில் காலி செய், பிறகு எடு’ என்ற இந்த உத்தி இருநூறு ஆண்டுகள் கடந்தும் மாறவில்லை. துளைதான் சிறிதாகிவிட்டது.

வயிற்றுக்குள் ஒரு கூடாரம்

சிறு துளை வழியே குழாய் ஒன்றை விட்டு உள்ளே பார்க்கும் முறைக்கு லாப்ராஸ்கோப்பி என்று பெயர். ஜெர்மனியில் கெல்லிங் 1901இல் நாயின் வயிற்றில் செய்து காட்டினார். சுவீடனின் யாக்கோபேயஸ் 1910இல் மனிதர்களிடம் செய்ததை வெளியிட்டார். ஆனாலும் பல ஆண்டுகள் அது உள்ளே எட்டிப் பார்ப்பதற்கே பெரிதும் பயன்பட்டது. எட்டிப் பார்க்கும் துளை வழியே பெரிய அறுவைகளையும் செய்யலாம் என்று பிடிவாதமாக நின்றவர்களில் முக்கியமானவர் கீல் நகரத்தைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் குர்ட் செம். இப்படி ஒரு யோசனை வருகிறதென்றால் மூளையில் கோளாறு இருக்க வேண்டும் என்று சொல்லி, சக மருத்துவர்களே அவரை மூளை ஸ்கேன் எடுத்துக்கொள்ளச் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. 1980இல் அவர் லாப்ராஸ்கோப்பி மூலமே குடல்வால் ஒன்றை அகற்றிக் காட்டினார்.

சாதாரணமாக வயிற்றுக்குள் வெற்றிடமே இல்லை. சுவரும் குடலும் ஒன்றோடொன்று ஒட்டித்தான் இருக்கும். வேலை செய்ய இடம் வேண்டுமானால் காற்றை நிரப்பிக் கூடாரம் போல் வயிற்றுச் சுவரை உயர்த்த வேண்டும். இதற்குக் கரிவளியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஏன் தெரியுமா? உள்ளே இரத்தக் கசிவை நிறுத்த மின்சாரத்தால் திசுவைச் சுட வேண்டியிருக்கும். கரிவளி தீப்பற்றாது. அது இரத்தத்தில் எளிதில் கரையும். கரைந்தது நுரையீரல் வழியே மூச்சோடு வெளியேறிவிடும். உயிர்வளியை நிரப்பினால் தீ விபத்துக்கு வழிவிட்டதாகும். சாதாரணக் காற்றின் பெரும்பகுதியான நைட்ரஜன் இரத்தத்தில் எளிதில் கரையாது. ஒரு குமிழி இரத்தக் குழாய்க்குள் புகுந்துவிட்டால் அடைத்துக்கொள்ளும். நிரப்பும் அழுத்தம் 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரசம்தான். வளிமண்டல அழுத்தம் 760 என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இது அதில் ஐம்பதில் ஒரு பங்கு. அவ்வளவு மென்மையான அழுத்தமே ஒரு மனிதரின் வயிற்றைக் குடம் போல் உயர்த்திவிடுகிறது.

பிறகு 5 முதல் 12 மில்லிமீட்டர் வரையிலான மூன்று அல்லது நான்கு துளைகள். ஒன்றில் கேமரா, மற்றவற்றில் நீண்ட கருவிகள். இங்கே உங்கள் நெம்புகோல் பாடம் வருகிறது. கருவி வயிற்றுச் சுவரைக் கடக்கும் இடம் சுழல்புள்ளி. கைப்பிடி ஒரு பக்கம், முனை மறுபக்கம். ஆகவே மருத்துவர் கையை வலப்பக்கம் நகர்த்தினால் முனை இடப்பக்கம் போகும். கையைத் தாழ்த்தினால் முனை உயரும். கண் பார்ப்பதோ தட்டையான திரையை. புதிய மருத்துவர்கள் மாதக்கணக்கில் பெட்டிக்குள் கருவியை விட்டுப் பயிற்சி செய்வது இதற்காகத்தான்.

கட்டி பெரிதானால் என்ன சிக்கல்?

இதுவரை சொன்னதெல்லாம் சிறிய கட்டிக்குச் சரி. பெரிய கட்டி வந்தால் கூடாரம் போட இடமே இல்லை. எல்லா இடத்தையும் கட்டியே பிடித்துக்கொண்டிருக்கும். வழக்கமாக முதல் துளையைத் தொப்புளில் போடுவார்கள். கட்டி தொப்புளைத் தாண்டி வளர்ந்திருந்தால், முதல் ஊசி நேராகக் கட்டிக்குள் இறங்கிவிடும். ஆகவே துளைகளை மேலே நகர்த்துகிறார்கள். இடது விலா எலும்பின் கீழே ஓர் இடம் உண்டு. பிரெஞ்சு மருத்துவர் ராவுல் பால்மரின் பெயரால் அதைப் பால்மர் புள்ளி என்பார்கள். கட்டி பெரும்பாலும் அங்கே எட்டியிருக்காது.

அடுத்தது காலி செய்வது. இதுதான் இந்த அறுவையின் உயிர்நாடி. கட்டியில் ஓட்டை போட்டால் உள்ளே இருப்பது வயிற்றுக்குள் சிந்தும் அல்லவா? டெர்மாய்டின் கொழுப்பு சிந்தினால் வயிற்றின் உள்ளுறை புண்பட்டு அழற்சி உண்டாகலாம். (அப்படிச் சிந்திவிட்டால் வெதுவெதுப்பான உப்புநீரால் கழுவுவார்கள். குளிர்ந்த நீர் பட்டால் கொழுப்பு உறைந்து ஒட்டிக்கொள்ளும். எண்ணெய்ச் சட்டியைக் கழுவியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) அதைவிடப் பெரிய ஆபத்து, கட்டிக்குள் புற்றுநோய் இருந்து, அதன் உயிரணுக்கள் சிந்துவது. சூலகத்துக்குள் அடங்கியிருக்கும் புற்றுநோய் முதல் நிலையின் தொடக்கப் படியில் இருப்பதாகக் கணக்கு. அறுவையின்போது அது உடைந்து சிந்தினால், அந்த ஒரே காரணத்துக்காக அதை ஒரு படி மேலே ஏற்றி வகைப்படுத்துகிறார்கள். தேவைப்பட்டிருக்காத கீமோதெரபி சிகிச்சை தேவைப்படலாம். கைதவறிய ஒரு விநாடிக்கு அவ்வளவு விலை.

சிந்தாமல் உறிஞ்சுவது எப்படி? கடையில் தே ஆயிஸ் பொட்டலம் கட்டி வாங்கியிருப்பீர்கள். நிரம்பிய பிளாஸ்டிக் பையின் பக்கத்தில் உறிஞ்சுகுழலைக் குத்தினால் என்ன ஆகும்? குழலைச் சுற்றி ஒழுகும். மருத்துவர்கள் சந்திக்கும் தொல்லையும் இதுவே. ஒரு தீர்வு, இரண்டு பலூன்கள் கொண்ட குழாய். குழாய் கட்டிக்குள் போனதும் ஒரு பலூன் சுவருக்கு உள்ளேயும் மற்றொன்று வெளியேயும் ஊதப்படும். இரண்டும் சுவரை இறுகக் கவ்விக்கொள்ள, ஒழுக இடமில்லை. இன்னொரு தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. 3 அல்லது 4 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு சிறு கீறல் போட்டு, அதன் வழியே தெரியும் கட்டியின் மேற்பரப்பில் ஒரு பிளாஸ்டிக் பையை ஒட்டிவிடுகிறார்கள். பசை எது என்கிறீர்களா? விரலில் பட்டால் தோலோடு ஒட்டிக்கொண்டு பாடாய்ப்படுத்தும் உடனடிப் பசை இருக்கிறதே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மருத்துவப் பசை. பிறகு பையின் உள்ளிருந்து கட்டியைக் குத்துவார்கள். எவ்வளவு ஒழுகினாலும் பைக்குள்தான் ஒழுகும்.

உறிஞ்சுவதிலும் அவசரம் கூடாது. பெரிய கட்டி முதுகெலும்பை ஒட்டி ஓடும் கீழ்ப்பெருஞ்சிரையை அழுத்திக்கொண்டிருக்கும். கால்களிலிருந்து இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுசெல்லும் குழாய் அது. அதனால்தான் இத்தகைய நோயாளிகள் சிலர் மல்லாந்து படுத்தாலே தலைசுற்றி இரத்த அழுத்தம் குறையும். பல லிட்டர் திரவத்தைச் சட்டென்று எடுத்தால், இத்தனை காலம் நெருக்கப்பட்டிருந்த வயிற்று இரத்தக் குழாய்கள் திடீரென விரிந்து இரத்தத்தைத் தேக்கிக்கொள்ளும். இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து அழுத்தம் சரியும். மயக்க மருந்து நிபுணர் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது இந்த நேரத்தில்தான்.

காலியான பை துவண்டு விழுந்ததும் கூடாரத்துக்கு இடம் கிடைக்கிறது. இனி மற்ற கட்டிகளைப் போலத்தான். இளம்பெண் என்றால் சூலகத்தை முழுதாக வெட்டி எடுக்காமல், கட்டியின் சுவரை மட்டும் தோல் உரிப்பதுபோல் உரித்தெடுக்க முயல்வார்கள். கட்டியின் மேல் மெல்லிய படலமாக இழுபட்டுக் கிடக்கும் சூலகத் திசுவில்தான் சினைமுட்டைகள் இருக்கின்றன. ஒரு சூலகத்தையே இழந்தாலும் மற்றது நலமாக இருந்தால் மாதவிடாயும் வரும், பிற்காலத்தில் குழந்தையும் பிறக்கும். இருந்தாலும் இருப்பதைக் காப்பாற்றுவதே நல்லது.

எப்போது வயிற்றைத் திறக்க வேண்டும்?

ஒரு காலத்தில் கட்டியின் அளவே இதைத் தீர்மானித்தது. பெரிது என்றால் வயிற்றைத் திற என்பதே விதி. இன்று அனுபவமுள்ள மருத்துவர்கள் ‘எவ்வளவு பெரிது’ என்பதைவிட ‘உள்ளே என்ன’ என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஸ்கேனில் மெல்லிய சுவரும் தெளிந்த திரவமும் தெரிந்தால் நல்ல செய்தி. திடமான பகுதிகள், உட்சுவரில் முளைத்த மொட்டுகள், அவற்றில் மிகுந்த இரத்த ஓட்டம், வயிற்றில் தனியாகத் தேங்கிய நீர் ஆகியவை எச்சரிக்கை மணிகள். சிஏ 125 போன்ற இரத்தப் பரிசோதனைகளும் உதவும். ஆனால் மாதவிடாய் நாள்களில்கூட அந்த அளவு உயரலாம் என்பதால் அதை மட்டும் வைத்து யாரும் முடிவு செய்வதில்லை. பதின்ம வயதுப் பெண்களுக்கு வேறு சில இரத்தப் பரிசோதனைகளையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

புற்றுநோய் என்ற சந்தேகம் வலுவாக இருந்தால், நீண்ட கீறல் போட்டுக் கட்டியை உடையாமல் முழுதாக எடுப்பதே முறை. அழகான சிறு தழும்புக்காக அந்த ஆபத்தை ஏற்பது விவேகமல்ல. திரவமே இல்லாமல் முழுதும் திடமாக இருக்கும் கட்டியையும் உறிஞ்சிச் சுருக்க முடியாது. 1991இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்டில் சுமார் 137 கிலோகிராம் எடையுள்ள சூலகக் கட்டி ஒன்று முழுதாக அகற்றப்பட்டது. அறுவை ஆறு மணி நேரத்துக்கும் மேல் நீடித்தது. அதற்கெல்லாம் நுண்துளை போதாது.

சிந்தாமல் எடுக்க இத்தனை வழிகள் வந்த பிறகும், மிகப் பெரிய கட்டிகளை எந்த முறையில் எடுப்பது என்பதில் மருத்துவர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. நோயாளிக்கு நுண்துளையால் கிடைப்பது குறைந்த வலி, விரைவில் வீடு திரும்புதல், குடல் ஒட்டிக்கொள்ளும் தொல்லை குறைதல். எதிர்த்தட்டில் இருப்பது சிந்தும் அபாயம். எந்தத் தட்டு கனமானது என்பது ஒவ்வொரு நோயாளிக்கும் மாறும்.

காத்திருக்கக் கூடாத வலி

பெரிய கட்டியைவிட நடுத்தரக் கட்டி ஒரு விஷயத்தில் பொல்லாதது. 5 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்த கட்டி சூலகத்தைக் கனமாக்கிவிடும். ஆனால் சுழல இன்னும் இடம் இருக்கும். ஓட்டம், குதித்தல் அல்லது காரணமே இல்லாமல் அது தன் காம்பைச் சுற்றி முறுக்கிக்கொள்ளலாம். முறுக்கும்போது முதலில் அடைபடுவது மெல்லிய சுவருடைய சிரை. தமனி இரத்தத்தை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்க, வெளியேறும் வழி மட்டும் மூடியிருப்பதால் சூலகம் வீங்கும். பிறகு தமனியும் அடைபடும். இது வலப்பக்கத்தில் அதிகம் நேர்கிறது. இடப்பக்கத்தில் பெருங்குடலின் ஒரு வளைவு இடத்தை அடைத்துக்கொண்டு சூலகத்தைச் சுழலவிடாமல் தடுக்கிறது. வலப்பக்கம் வலிப்பதால் குடல்வால் அழற்சி என்று குழம்புவதும் உண்டு.

அடிவயிற்றில் ஒரு பக்கத்தில் திடீரென்று கடுமையான வலி, கூடவே வாந்தி என்றால், ‘மாத வலிதான், சுடுதண்ணீர்ப் பை வைத்துக்கொள்’ என்று விட்டுவிடக் கூடாது. வகுப்பில் தோழி அப்படித் துடித்தால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். வீட்டில் என்றால் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். சில மணி நேரத்துக்குள் லாப்ராஸ்கோப்பி மூலம் முறுக்கை அவிழ்த்துவிட்டால் சூலகம் பிழைக்கும். கருநீலமாக மாறிப்போன சூலகத்தை முன்பெல்லாம் செத்துவிட்டது என்று வெட்டி எடுத்துவிடுவார்கள். அவிழ்த்துவிட்டால் அவற்றில் பல மீண்டும் இயங்குகின்றன என்று தெரிந்த பிறகு, இன்று அதை உள்ளேயே விட்டுவிடுகிறார்கள்.

அறுவை முடியும்போது

உரித்த கட்டிச் சுவர் வயிற்றுக்குள்ளேயே ஒரு சிறு பைக்குள் போடப்படும். பையின் வாயைச் சுருக்கி, துளைக்கு வெளியே இழுத்து, அதற்குள்ளிருந்து சுவரைச் சுருட்டிச் சுருட்டி எடுப்பார்கள். துளையின் ஓரத்தில் எதுவும் படக்கூடாது என்பதற்காகவே இந்தப் பை. எடுத்த திசு நோயியல் நிபுணரிடம் போகும். சந்தேகம் இருந்தால், நோயாளி மேசையில் இருக்கும்போதே திசுவை உறையவைத்து, மெல்லிய சீவலாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்து, அரைமணி நேரத்துக்குள் முதல் பதிலைச் சொல்லிவிடுவார். முழு அறிக்கைக்குச் சில நாள்கள் ஆகும்.

கரிவளியை வெளியேற்றித் துளைகளை மூடிய பிறகும் கொஞ்சம் உள்ளே தங்கிவிடும். மறுநாள் நோயாளி தாதியிடம், “மிஸ்ஸி, வயித்துலதானே ஆப்பரேஷன் செஞ்சாங்க, தோள்பட்டை ஏன் இப்படி வலிக்குது?” என்று கேட்பார். தங்கிய கரிவளி மேலே ஏறி உதரவிதானத்தைத் தொந்தரவு செய்கிறது. உதரவிதானத்தின் நரம்பு புறப்படுவது கழுத்துப் பகுதித் தண்டுவடத்திலிருந்து. தோள்பட்டையின் தோலிலிருந்து வரும் நரம்பும் அதே இடத்தில்தான் சேர்கிறது. செய்தி எங்கிருந்து வந்தது என்று மூளை குழம்பி, தோள் வலிக்கிறது என்று முடிவு செய்துவிடுகிறது. இரண்டு மூன்று நாளில் கரிவளி முழுவதும் இரத்தத்தில் கரைந்து மூச்சில் கலந்து போனதும், தோள்வலியும் போய்விடும்.